மோட்டார் சைக்கிளும் எண்ணெய்க் குளிர்விப்பானும்

பழைய புல்லட் மோட்டார் சைக்கிளின் ஓசையை அறியாதவர் நம் ஊரில் இலர். வண்டி தெருமுனையில் திரும்பும் முன்னரே அதன் வருகையை அவ்வோசை அறிவித்துவிடும். ஆனால் நெடுந்தொலைவு ஓடி வந்து நின்ற அவ்வண்டியின் அருகில் சென்று பார்த்தவர் ஓரடி விலகியே நிற்பர். அதன் எஞ்சினிலிருந்து எழும் வெப்பம் அத்தகையது. அவ்வெப்பம் எங்கிருந்து வருகிறது? எவ்வழியே வெளியேறுகிறது? வெளியேறாமல் தங்கிவிட்டால் என்ன நேரும்? இவ்வினாக்களுக்கு விடை காண முயன்றபோதுதான், பட்டறைகளில் 'ஆயில் கூலர்' என வழங்கும் எண்ணெய்க் குளிர்விப்பானைப் பற்றி எண்ணும் வாய்ப்பு எங்களுக்குக் கிட்டியது.

இன்று இளைஞர் பலர் தம் வண்டிகளில் இக்கருவியைத் தாமே செய்து பொருத்திக்கொள்ள விழைகின்றனர். இம்முயற்சி பாராட்டத்தக்கதே. எனினும், எதற்காகப் பொருத்துகிறோம் என்பதை அறியாமல் பொருத்தினால், நன்மை செய்ய வந்த கருவியே தீமை செய்துவிடும். இதனை நாங்கள் பட்டறிந்தோம். தமிழ் கற்பிக்கும் நாங்கள் இருவர், இயற்பியல் கற்பிக்கும் நண்பர் ஒருவர், ஊரார் அனைவரும் 'பாய்' என்றே அழைக்கும் பட்டறைக்காரப் பெரியவர் ஒருவர் என நால்வர் கூடிச் செய்த முயற்சி அது. அதன் வழியே கற்றவற்றை மாணவர்க்குப் பயன்படும் வகையில் இங்கு விளக்க முற்படுகிறோம். நல்ல தமிழ்ச்சொல் உள்ள இடத்தில் அதனையும், பட்டறைச் சொல்லே தெளிவு தரும் இடத்தில் அதனையும் ஆண்டுள்ளோம்.

வெப்பம் எவ்வளவு?

முதலில் ஒரு சிறு கணக்கு. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 32 மெகாஜூல் ஆற்றல் அடங்கியுள்ளது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஒரு புல்லட், லிட்டருக்கு 35 கிலோமீட்டர் ஓடுவதாகக் கொள்வோம். அவ்வாறாயின் ஒரு மணி நேரத்தில் அது ஏறத்தாழ 1.7 லிட்டர் பெட்ரோலை எரிக்கிறது. ஆற்றல் கணக்கில் இது சுமார் 15 கிலோவாட் ஆகும்.

இந்த 15 கிலோவாட்டில் வண்டியை முன்னே செலுத்தப் பயன்படுவது நான்கில் ஒரு பங்கு. பல நேரங்களில் அதனினும் குறைவு. எஞ்சிய 11 கிலோவாட்டுக்கு மேற்பட்ட ஆற்றல் வெப்பமாகவே வெளியேறுகிறது. ஒரு கிலோவாட் மின்னடுப்புகள் பதினொன்றை முழங்கால்களுக்கு இடையே வைத்துக்கொண்டு பயணம் செய்வதாகக் கற்பனை செய்து பார்த்தால் இதன் அளவு புலப்படும்.

இவ்வெப்பத்தில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே போய்விடுகிறது. அடுத்த பகுதி சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடுகள் வழியே காற்றில் கலக்கிறது. மீந்த ஒரு பகுதியை எஞ்சின் எண்ணெய் ஏற்றுக்கொள்கிறது. பழைய புல்லட்டின் சிலிண்டர் வார்ப்பிரும்பால் ஆனது. அலுமினியக் கலவையோடு ஒப்பிட, வார்ப்பிரும்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெப்பத்தையே கடத்த வல்லது. ஆகவே அவ்வகை எஞ்சினில் சூடு வெளியேறுவதில் ஒரு தயக்கம் இயல்பாகவே உண்டு.

எண்ணெயின் தொழில்கள்

எண்ணெய் என்றவுடன் உராய்வைக் குறைப்பது ஒன்றே அதன் தொழில் என்று நாம் எண்ணிவிடுகிறோம். அது செய்யும் பணிகள் பல. உராயும் இரு உலோகப் பரப்புகளுக்கு இடையே மெல்லிய படலமாய் நின்று அவை ஒன்றையொன்று தீண்டாமல் காக்கிறது. பிஸ்டன் வளையங்களுக்கும் சிலிண்டர்ச் சுவருக்கும் இடையிலுள்ள நுண்ணிய இடைவெளியை அடைத்து உதவுகிறது. கரியையும் உலோகத் துகள்களையும் கழுவிக் கொணர்ந்து வடிகட்டியில் சேர்க்கிறது. துருப்பிடிக்காமல் தடுக்கிறது. இவற்றோடு, காற்றுப் புகமுடியாத உள்ளிடங்களிலிருந்து வெப்பத்தைச் சுமந்து வருகிறது. வெளித் தகடுகளைக் காற்றுத் தழுவும். ஆனால் கிராங்கு தண்டின் பெரிய பேரிங்கையும், பிஸ்டனின் அடிப்பகுதியையும், தலைப்பகுதியிலுள்ள ராக்கர் கைகளையும் காற்று எவ்வாறு தழுவ இயலும்? அங்கெல்லாம் செல்வது எண்ணெய் ஒன்றே.

இவ்வளவு பணிகளையும் அது செய்ய வேண்டுமாயின் அதன் பாகுநிலை கெடாதிருத்தல் வேண்டும். பாகுநிலை என்பது ஒரு நீர்மம் எத்துணை எளிதாக ஓடும் அல்லது ஓட மறுக்கும் என்பதன் அளவு. தேனும் நீரும் ஒரே சாய்வில் ஒரே வேகத்தில் வழிவதில்லை. எண்ணெயும் குளிர்ந்தபோது தேன் போலவும் சூடேறியபோது நீர் போலவும் நடந்துகொள்கிறது. புல்லட்டில் ஊற்றும் 20டபிள்யூ-50 வகை எண்ணெயை எடுத்துக்கொள்வோம். 40 டிகிரி செல்சியசில் அதற்கிருந்த பாகுநிலை, 100 டிகிரியில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. இக்குறைவை எதிர்பார்த்தே எஞ்சினை அமைத்துள்ளனர். ஆனால் சூடு 130 டிகிரியையும் கடந்து செல்லுமாயின், படலம் மெலிந்து உலோகம் உலோகத்தைத் தீண்டும் நிலை நெருங்கும்.

வேறொரு கேடும் உண்டு. சூடான எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் கூடிக் கெட்டுப்போகிறது. சூடு 10 டிகிரி கூடும்போதெல்லாம் இவ்வாறு கெடும் வேகம் ஏறத்தாழ இருமடங்காகிறது என்பது பொதுவாகக் கொள்ளப்படும் கணக்கு. 100 டிகிரியில் பல மாதம் உழைக்கக்கூடிய எண்ணெய், 130 டிகிரியில் எட்டில் ஒரு பங்குக் காலத்திலேயே தளர்ந்துவிடும் என்பது இதனால் பெறப்படும்.

அவ்வாறாயின் எண்ணெயை எவ்வளவு குளிர வைத்தாலும் நன்மைதானே என்று கேட்கலாம். அன்று. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது என்பது பலர் அறியாத உண்மை. அது ஆவியாகப் புகையுடன் வெளியேறினும், சிறிதளவு பிஸ்டன் வளையங்களைக் கடந்து எண்ணெயில் கலக்கிறது. எண்ணெய் போதிய அளவு சூடேறினால்தான் இந்நீர் ஆவியாகி அகலும். 80 டிகிரியைக்கூட எட்டாமல் நாள்தோறும் சிறு தொலைவே ஓடும் வண்டியில், எண்ணெய் ஊற்றும் மூடியின் உட்புறம் மோர் போன்ற வெண்குழம்பு படிந்திருப்பதைக் காணலாம். அது எண்ணெயும் நீரும் கலந்த கலவை. ஆகவே எண்ணெய்க்குச் சூடு கூடினாலும் கேடு, குறைந்தாலும் கேடு. 80 முதல் 110 டிகிரி வரையிலான எல்லை அதற்கு ஏற்றது எனலாம்.

குளிர்விப்பான் செய்வதும் செய்யாததும்

குளிர்விப்பானின் அமைப்பு எளியது. எஞ்சினிலிருந்து வெளிவரும் சூடான எண்ணெயைத் தகடுகள் பதித்த குழாய்களின் வழியே செலுத்தினால், எதிர்ப்படும் காற்று அவ்வெப்பத்தைக் கவர்ந்து செல்லும். சற்றே குளிர்ந்த எண்ணெய் மீண்டும் எஞ்சினுக்குத் திரும்பும்.

இதனால் கிடைக்கும் பயனையும் கணக்கிட்டுப் பார்ப்போம். நிமிடத்திற்கு ஒரு லிட்டர் எண்ணெய் குளிர்விப்பான் வழியே செல்வதாகவும், அதன் சூடு 10 டிகிரி குறைவதாகவும் கொள்வோம். ஒரு லிட்டர் எண்ணெயின் எடை ஏறத்தாழ 0.85 கிலோகிராம். ஒரு கிலோகிராம் எண்ணெயின் சூட்டை ஒரு டிகிரி மாற்ற ஏறத்தாழ 2 கிலோஜூல் வேண்டும். ஆகவே நிமிடத்திற்கு 17 கிலோஜூல், அதாவது சுமார் 280 வாட் வெப்பம் அகற்றப்படுகிறது. முன்னர்க் கண்ட 11 கிலோவாட்டோடு இதனை ஒப்பிட்டால் நாற்பதில் ஒரு பங்கே ஆகும்.

இக்கணக்கு உணர்த்தும் உண்மை இன்றியமையாதது. குளிர்விப்பான் எஞ்சினைக் குளிர வைக்கும் கருவி அன்று. எண்ணெயைக் காக்கும் கருவி. சிலிண்டரின் சூடு அதனால் பெரிதாகக் குறைந்துவிடாது. ஆனால் இரண்டேகால் லிட்டர் அளவுள்ள எண்ணெய்க்கு 280 வாட் என்பது சிறிதன்று. அதன் சூடு எல்லை மீறாமல் தடுக்க அதுவே போதுமானதாக அமையலாம்.

மற்றுமோர் உண்மை: காற்றோட்டம் இன்றிக் குளிர்விப்பான் இயங்காது. நகரின் நெரிசலில் அசையாமல் நிற்கும் வண்டிக்கு அதனால் விளையும் பயன் மிகச் சிறிது. நெரிசலுக்காகவே அதனைப் பொருத்த எண்ணுவோர் பலர். அவ்விடத்தில் எஞ்சினை அணைத்துவிடுவதே சிறந்த குளிர்விப்பு.

தொழிற்சாலைகள் அமைத்த முறை

எண்ணெயைக் கொண்டே எஞ்சினின் சூட்டைத் தணிக்கலாம் என்று துணிந்து காட்டிய வண்டிகளுள் ஒன்று 1985ஆம் ஆண்டு வெளிவந்த சுசுகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர் 750. அதில் எண்ணெய் பிஸ்டன்களின் அடிப்புறத்தில் பீய்ச்சப்பட்டது; தலைப்பகுதியின் மீதும் மிகுந்த அளவில் பாய்ச்சப்பட்டது; பின்னர்ப் பெரிய குளிர்விப்பான் ஒன்றின் வழியே சென்று சூடு தணிந்தது. நம் நாட்டிலும் 2016இல் வெளிவந்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன், 2018இல் வெளிவந்த இன்டர்செப்டர் 650 ஆகியவை குளிர்விப்பானுடனேயே விற்பனைக்கு வந்தன.

இவ்வண்டிகளில் எண்ணெயின் அளவு, பம்பின் ஆற்றல், குழாய்களின் விட்டம் ஆகிய அனைத்தும் குளிர்விப்பானைக் கருத்தில் கொண்டே தொடக்கத்திலிருந்து வகுக்கப்பட்டவை. நாம் வீட்டில் செய்து பொருத்துவதோ, வேறொரு திட்டத்தில் அமைந்த எஞ்சினில் பின்னர்ச் சேர்க்கும் இணைப்பு. இவ்வேறுபாட்டை மறத்தல் கூடாது.

புல்லட்டின் எண்ணெய்ப் பாதை

இங்கிலாந்தின் ரெடிச் நகரில் பிறந்த இவ்வண்டி தமிழகத்திற்கு அயலானது அன்று. இந்திய அரசு தன் படைகளுக்கு 350 சிசி புல்லட்டைத் தேர்ந்த பின்னர், 1955ஆம் ஆண்டு சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தோன்றியது. திருவொற்றியூரில் புல்லட்டுகள் உருவாயின. 70 மில்லிமீட்டர் விட்டமும் 90 மில்லிமீட்டர் பிஸ்டன் ஓட்டமும் கொண்ட 346 சிசி எஞ்சின், 18 குதிரைத்திறன் என்னும் அமைப்புப் பல்லாண்டுகள் பெரிதும் மாறாமல் நிலைத்தது.

வார்ப்பிரும்புச் சிலிண்டர் கொண்ட அப்பழைய எஞ்சினில், எண்ணெய்த் தொட்டி கிராங்கு அறையின் வார்ப்பிலேயே தனியறையாக அமைந்துள்ளது. பம்புகள் இரண்டு. ஒன்று எண்ணெயைப் பேரிங்குக்கு அனுப்புகிறது. மற்றொன்று கீழே சேரும் எண்ணெயைத் தொட்டிக்குத் திருப்புகிறது. திருப்பும் பம்பின் கொள்ளளவு மிகுதி. ஆதலின் எண்ணெய் கீழே தேங்குவதில்லை. தலைப்பகுதியிலுள்ள ராக்கர்களுக்கு எண்ணெய் கொண்டு செல்லும் குழாய் எஞ்சினின் வெளிப்புறத்தில் கண்ணுக்குத் தெரியும்படி ஏறிச் செல்கிறது. வார்ப்பில் துளையிட வேண்டிய தேவையின்றி, இவ்வெளிக்குழாயின் இடையிலேயே குளிர்விப்பானை இணைக்க இயலும். வீட்டு முயற்சிக்கு இவ்வண்டி ஏற்றதாய் இருப்பதன் காரணம் இதுவே. ஆயினும் இவ்வசதியே ஒரு பொறுப்பையும் சுமத்துகிறது. குளிர்விப்பான் அடைபட்டால் ராக்கர்களுக்கு எண்ணெய் இல்லை. குழாய் கழன்றால் எஞ்சின் முழுமைக்கும் எண்ணெய் இல்லை.

செய்முறை

1. முதலில் அளத்தல் வேண்டும். எண்ணெய் ஊற்றும் வாயில் வெப்பமானி ஒன்றைப் பொருத்தி, வழக்கமான பயணத்தில் அரை மணி நேரம் ஓடிய பின் அளவைக் குறித்துக்கொள்க. அளவு 110 டிகிரிக்குள் அடங்கினால் குளிர்விப்பான் தேவையில்லை.

2. சூடு மிகுந்திருப்பின் அதன் காரணத்தை ஆராய்க. பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்த கலவை, காலந்தாழ்ந்து எழும் தீப்பொறி, குறைந்த எண்ணெய் அளவு, தகடுகளுக்கிடையே அப்பிய சேறு, சக்கரத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும் பிரேக்கு ஆகிய ஒவ்வொன்றும் சூட்டைக் கூட்டும். இவற்றைச் சீர்செய்யாமல் குளிர்விப்பான் பொருத்துவது, காய்ச்சலின் காரணம் அறியாமல் நெற்றியில் ஈரத்துணி இடுவது போன்றதாகும்.

3. குளிர்விப்பானுக்கு அலுமினியக் குழாயும் அலுமினியத் தகடும் ஏற்றவை. செம்பு வெப்பத்தை மிக நன்றாகக் கடத்தும். ஆயினும் சூடான எண்ணெய் விரைவில் கெடுவதற்கு அது துணைபோகும். செம்பைப் பயன்படுத்தினால் சாதாரண ஈயப் பற்றவைப்பை நம்புதல் கூடாது. வெள்ளீயமும் ஈயமும் கலந்த பற்று 183 டிகிரியிலேயே உருகத் தொடங்கும். அதற்கு முன்னரே சூட்டிலும் அதிர்விலும் வலுவிழக்கும். வெள்ளி கலந்த கம்பியால் பற்றவைத்தலே தகும். வேறு வண்டியிலிருந்து கழற்றிய குளிர்விப்பானாயின், அதன் பழைய எஞ்சின் உதிர்த்த உலோகத் துகள்கள் உள்ளே தங்கியிருக்கலாம். தெளிந்த மண்ணெண்ணெய் வெளிவரும் வரை பலமுறை கழுவி, நன்கு வடித்து உலர்த்துக.

4. குழாய்கள் எண்ணெயையும் சூட்டையும் தாங்கும் ஹைட்ராலிக் ஹோஸ்களாக இருத்தல் வேண்டும். டிராக்டர், பொக்லைன் போன்ற எந்திரங்களுக்கு ஹோஸ் அழுத்தித் தரும் கடைகளில், வேண்டிய நீளத்தில், இருமுனையும் இரும்பு இணைப்புகள் அழுத்திய ஹோஸ்கள் கிடைக்கும். பெட்ரோல் டியூபும் தண்ணீர்க் குழாயும் இதற்கு ஆகா.

5. இணைப்புகளில் புதிய செம்பு வாஷர்களை இடுக. டெஃப்லான் நாடாவையும், மிகுதியாகப் பூசும் பசையையும் தவிர்க்க. அவற்றின் துணுக்குகள் பிய்ந்து சென்று எண்ணெயின் நுண்வழிகளை அடைத்துவிடும்.

6. குளிர்விப்பானை முன்புறச் சட்டத்தில், காற்று நேரே படும் இடத்தில் ரப்பர் புஷ்களின் மேல் நிறுத்துக. சிலிண்டருக்குச் செல்லும் காற்றை அது மறைத்தல் கூடாது. முன்சக்கரம் வாரியிறைக்கும் கல்லைத் தடுக்கக் கம்பிவலை இடுக. கைப்பிடியை இருபுறமும் முழுதும் திருப்பிப் பார்த்து ஹோஸ் இழுபடாமையையும், புகைபோக்கியைத் தொடாமையையும் உறுதி செய்க.

7. கூடுதல் எண்ணெயைக் கணக்கிடுக. 8 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள ஹோஸ் ஒரு மீட்டருக்கு 50 மில்லிலிட்டர் எண்ணெயைக் கொள்ளும். குளிர்விப்பான் கொள்ளும் அளவு தனி. எஞ்சினை ஓடவிட்டுப் பின் நிறுத்தி அளவுகோலைப் பார்த்துக் குறைவை நிரப்புக.

8. இறுதியாக, ராக்கர் பக்கத்து போல்ட்டைச் சற்றே தளர்த்தி எஞ்சினை மெல்ல ஓடவிட்டு, எண்ணெய் அங்கு வந்து சேர்வதைக் கண்ணால் கண்ட பின்னரே சாலையில் இறங்குக. முதல் நூறு கிலோமீட்டர் வரை அடிக்கடி நிறுத்தி இணைப்புகளைத் தடவிப் பாருங்கள்.

சட்டத்தையும் ஒரு சொல் நினைவூட்ட வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடும் வகையில் வண்டியை மாற்றுவதற்குத் தடை விதிக்கிறது. ஆதலின் எம்மாற்றத்தையும் செய்யும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுத் தெளிதல் நலம்.

எங்கள் முதல் முயற்சி

மேற்கண்ட விதிகளுள் நான்காவதை நாங்கள் எவ்வாறு கற்றோம் என்பதை மறைக்காமல் கூறிவிடுகிறோம். இயற்பியல் நண்பரின் வற்புறுத்தலால், குளிர்விப்பான் இன்றி வண்டியை ஓட்டிச் சூட்டை அளந்து குறித்தோம். அதுவரை செய்தது சரியே. பின்னர் ஆர்வ மிகுதியால், அன்றே முடித்துவிட வேண்டும் என்று கையில் கிடைத்த ரப்பர் டியூபை இட்டுத் திருகுக் கிளிப்பால் இறுக்கினோம். பாய் அன்று ஊரில் இல்லை. அவர் வரும்வரை பொறுக்க எங்களுக்கு மனமில்லை.

எங்களுள் ஒருவர் ஓட்ட, பழைய மாணவர் ஒருவர் பின்னால் அமர்ந்து சென்றார். பத்துக் கிலோமீட்டர் வரை குறையேதும் இல்லை. பின்னர் எண்ணெய் எரியும் நாற்றம் எழுந்தது. புகைபோக்கியின் மேல் வெண்புகை படர்ந்தது. சூட்டில் மென்மையுற்ற டியூப் கிளிப்பிலிருந்து நழுவி, எண்ணெயைக் கொட்டிக்கொண்டிருந்தது. காற்று அதனைப் பின்னோக்கி வீசப் பின்சக்கரம் நனைந்துவிட்டது. பிரேக்கை அழுத்தியபோது வண்டி பக்கவாட்டில் வழுக்கிச் சாய்ந்தது. வேகம் குறைவாயிருந்தமையால் முழங்காலில் சிராய்ப்போடு இருவரும் தப்பினர். எதிரே பேருந்து ஒன்று வந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை இன்று எண்ணினாலும் நெஞ்சு நடுங்குகிறது. இன்னும் சில கிலோமீட்டர் ஓடியிருந்தால் எண்ணெய் முற்றும் வற்றி எஞ்சினும் இறுகிப் பூட்டிக்கொண்டிருக்கும்.

மறுநாள் பாய் வந்து பார்த்தார். கடிந்துகொள்ளவில்லை. டியூபைக் கையில் எடுத்து ஒருமுறை முறுக்கிப் பார்த்துவிட்டு, "எண்ணெய்ச் சூட்டைக் குறைக்கப் பாத்தீங்களா சார், இல்ல எண்ணெயையே குறைக்கப் பாத்தீங்களா?" என்று கேட்டார். எங்களிடம் விடையில்லை. அந்த மாணவரின் வீட்டிற்குச் சென்று அவர்தம் பெற்றோரிடம் எங்கள் பிழையைக் கூறி வருந்திய பின்னரே மீண்டும் பணியைத் தொடங்கினோம்.

மலைப்பாதை கற்பித்தது

இம்முறை ஹைட்ராலிக் ஹோஸ், புதிய வாஷர்கள், கம்பிவலை என அனைத்தும் பாயின் மேற்பார்வையில் முறையாக அமைந்தன. உள்ளூரில் பல நாள் ஓட்டிப் பார்த்த பின், நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்குச் சென்றோம். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலேறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. குளிர்விப்பான் இன்றி முன்னர் அளந்ததும் இதே வழியில்தான்.

நாங்கள் எதிர்பார்த்தது வேறு, நிகழ்ந்தது வேறு. சமவெளிச் சாலையில் சீரான வேகத்தில் சென்றபோது, வெப்பமானியின் முள் முன்னைய அளவினும் நன்கு கீழே நின்றது. எங்கள் உள்ளம் பூரித்தது. ஆனால் வளைவுகளில் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஊர்ந்து ஏறியபோது, முள் பெரும்பாலும் பழைய இடத்திற்கே ஏறிச் சென்றது. எஞ்சின் மிகக் கடுமையாக உழைக்கும் இடத்தில் குளிர்விப்பான் மிகக் குறைவாக உதவியது. காரணம் வெளிப்படை. வண்டி மெல்லச் சென்றது, காற்று இல்லை. நடுவழியில் மரநிழலில் எஞ்சினை அணைத்துவிட்டு அமர்ந்தபோது பாய் கூறினார்: "வீசுறதுக்கு ஆளில்லன்னா விசிறி இருந்து என்ன செய்ய?" நாங்கள் பக்கம் பக்கமாகக் கணக்கிட்டு அறிந்ததை அவர் ஒரு தொடரில் சொல்லிவிட்டார்.

அந்த நிழலில் அரை மணி நேரம் இருந்தோம். முள் தானே இறங்கியது. எங்கள் கருவி தராத குளிர்ச்சியைச் சிறிது பொறுமை தந்தது.

நிறைவாக

அவ்வண்டி நாள்தோறும் வீட்டிலிருந்து கல்லூரிக்கு நான்கு கிலோமீட்டர் ஓடுவது. அத்தொலைவில் எண்ணெய் முழுதும் சூடேறுவதுகூட இல்லை. குளிர்விப்பான் பொருத்திய சில வாரங்களில் எண்ணெய் மூடியின் உட்புறம் வெண்குழம்பு படியத் தொடங்கியது. அதனைக் கண்டபின், உழைத்துச் செய்த கருவியை நாங்களே கழற்றிவிட்டு, பழைய குழாயை மீண்டும் பொருத்தினோம். வருத்தமாகத்தான் இருந்தது. ஆயினும் தேவையில்லாததைக் கழற்றுவதும் அறிந்து செய்யும் செயலே அன்றோ!

கழற்றிய குளிர்விப்பான் இன்று இயற்பியல் ஆய்வகத்தின் மேசைமீது இருக்கிறது. மாணவர்கள் அதன் ஒரு முனையில் வெந்நீரைச் செலுத்தி, மறுமுனையில் வருவதன் சூட்டை அளக்கின்றனர். மின்விசிறியை இயக்கியும் நிறுத்தியும் வேறுபாட்டைக் குறிக்கின்றனர். அன்று முழங்காலில் சிராய்ப்புற்ற மாணவர் இப்போது நெடுந்தொலைவுப் பயணங்கள் மேற்கொள்பவர். தம் வண்டியின் சூட்டை ஒரு மாதம் அளந்து குறித்த பின், பாயின் பட்டறையில் அமர்ந்து தமக்கென ஒன்றைச் செய்துகொண்டார். அவர் வண்டிக்கு அது தேவை; எங்கள் வண்டிக்குத் தேவையில்லை. இவ்விரண்டையும் முடிவு செய்தது ஒரே வெப்பமானிதான்.

கைவினையும் கணக்கும் கூடிய இடத்திலேயே தொழில்நுட்பம் பிறக்கிறது. எங்கள் முதல் முயற்சியில் கணக்கு இருந்தது. கைவினை அறிந்தவருக்காகக் காத்திருக்கும் பொறுமை இல்லை. ஆகவே இக்கட்டுரையைப் படித்துத் தம் வண்டியில் கைவைக்க விழையும் மாணவர்க்கு நாங்கள் கூற விரும்புவது இதுவே: முதலில் வெப்பமானியை எடுங்கள், அடுத்து அனுபவம் மிக்க ஒரு பட்டறைக்காரரைத் தேடிச் செல்லுங்கள், ஸ்பேனரை அதன் பின்னர் எடுக்கலாம்.